அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் – கூடாரத்திலிருந்து மூன்று நட்சத்திரத் தீவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான வீடியோ கேம்களில் நேரம் நம் கையில் இருக்கும். விடிய விடிய உட்கார்ந்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம். அனிமல் கிராசிங்கில் அந்தப் பாச்சா பலிக்காது. 2020 மார்ச் 20 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த இந்த விளையாட்டில், விலங்குகளோடு ஓர் ஆளில்லாத் தீவில் குடியேறி அதை ஊராக்குவோம். அது கன்சோலில் உள்ள கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. உங்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் தீவிலும் இரவு ஒன்பது. கடை பூட்ட இன்னும் ஒரு மணி நேரம். இன்று கட்டச் சொன்ன வீடு நாளைக்குத்தான் எழும்பும். விளையாட்டில் ஒரு நாள் என்பது காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஐந்து வரை.

அதனால் இங்கே வேகமாக விரல் ஓடுவது பெரிய திறமை இல்லை. எதை இன்று தொடங்கி வைத்தால் நாளை கைக்கு வரும் என்று தெரிந்திருந்தால் போதும். இந்த வழிகாட்டியையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் யோசிக்க வேண்டியவை

முதலில், யார் தொடங்குவது? ஒரு கன்சோலில் ஒரே ஒரு தீவுதான் இருக்கும். வீட்டில் நான்கு பேர் விளையாடினாலும் நால்வரும் அதே தீவில்தான் குடியேற வேண்டும் (மொத்தம் எட்டுப் பேர் வரை இடமுண்டு). முதலில் இறங்குபவர்தான் தீவின் பிரதிநிதி. கடை வருவது, பாலம் கட்டுவது, புது வீட்டு மனை போடுவது எல்லாம் அவர் மூலமாகத்தான் நகரும். எங்கள் வீட்டில் ஆர்வக்கோளாறில் நான் முந்திக்கொண்டேன். நான்கு நாள் ஆடிவிட்டு வேலைப்பளுவில் விட்டுவிட்டேன். தினமும் ஆடியவன் தம்பிதான். அவன் மீன் பிடித்தான், களை பிடுங்கினான், ஆனால் தீவு ஓர் அடிகூட முன்னேறவில்லை. இரண்டு வாரம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். தினமும் கன்சோலைத் தொடப்போவது யாரோ, அவர் முதலில் தொடங்கட்டும்.

அடுத்தது அரைக்கோளம். வடக்கா தெற்கா என்று கேட்பார்கள். நீங்கள் வாழும் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். பருவகாலம், கிடைக்கும் மீன், பூச்சி எல்லாம் அதைப் பொறுத்தவை. பின்னால் மாற்ற முடியாது. தீவின் பெயரும் அப்படித்தான். தினமும் காதில் விழப்போகும் பெயர், விளையாட்டாக எதையாவது வைத்துவிட்டு வருந்தாதீர்கள்.

பிறகு வரைபடம். நான்கு காட்டுவார்கள். ஆறும் மலையும் எப்படி இருக்கின்றன என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் அவற்றைப் பின்னால் நம் இஷ்டத்துக்கு வெட்டி மாற்றிக்கொள்ளலாம். கடைசி வரை அசையாதவை வேறு: விமான நிலையம், குடியிருப்போர் சேவை மையம் இருக்கும் சதுக்கம், கடற்கரையின் வடிவம், ஆறு கடலில் கலக்கும் இடங்கள். சதுக்கம் விமான நிலையத்தின் வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும் வரைபடத்தை நான் தவிர்ப்பேன். நடுவில் கொஞ்சம் இடம் இருந்தால் அழகான நுழைவுப் பாதை போடலாம். நான்குமே பிடிக்கவில்லையா? தயங்காமல் விளையாட்டை மூடிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இன்னும் சேவ் ஆகியிருக்காது, வேறு நான்கு வரைபடங்கள் வரும்.

கன்ட்ரோலரில் எது எதற்கு

ஏ பட்டன் பேச, கருவியைப் பயன்படுத்த, மரத்தை உலுக்க. ஒய் பொருளைப் பொறுக்க. பி-யை அழுத்திப் பிடித்தால் ஓட்டம். எக்ஸ் பையைத் திறக்கும். இசட்-எல் உங்கள் நூக் போன், அதாவது விளையாட்டுக்குள் இருக்கும் போன். இடப்பக்கத் திசைப் பட்டன்களால் கருவிகளை மாற்றலாம், கீழ்ப் பட்டன் கருவியை உள்ளே வைக்கும். விளையாட்டு தானாகவே அவ்வப்போது சேவ் ஆகும் என்றாலும், முடிக்கும்போது மைனஸ் பட்டனை அழுத்தி முறையாக வெளியேறும் பழக்கம் நல்லது.

பூச்செடிகளுக்கு நடுவே ஓடாதீர்கள், இதழ்கள் உதிர்ந்துவிடும். நடந்தால் ஒன்றும் ஆகாது.

முதல் நாள்

தீவில் இறங்கியதும், அதை நிர்வகிக்கும் டாம் நூக் உங்களிடம் ஒரு கூடாரத்தைத் தருவார். எங்கே போடுவது என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிறகு வீட்டை வேறு இடத்துக்கு நகர்த்த 30,000 பெல் கொடுத்தால் போதும். பெல் என்பது தீவின் பணம். உங்களோடு வந்த இரண்டு விலங்குகளுக்கும் கூடாரம் போட இடம் பார்த்துக் கொடுங்கள். அப்புறம் பத்து மரக்குச்சி, ஆறு பழம் என்று கேட்பார்கள். மரத்தை உலுக்கினால் இரண்டும் விழும். இரவு விருந்து முடிந்து தூங்கி எழுந்தபிறகுதான் உண்மையான கடிகாரம் தொடங்குகிறது.

எழுந்ததும் கையில் ஒரு பில் வரும்: 49,800 பெல், அல்லது 5,000 நூக் மைல். மைலில் கட்டுங்கள். மீன் பிடிப்பது, களை பிடுங்குவது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது என்று நீங்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் மைல் சேரும். போனில் நூக் மைல் பக்கத்தைத் திறந்து அவ்வப்போது வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள், தானாக வரவு ஆகாது. சேவை மையத்தில் உள்ள இயந்திரத்தைத் தினமும் ஒருமுறை தொட்டாலே 50 மைல் கிடைக்கும். விடாமல் வந்தால் கூடிக்கொண்டே போய் ஏழாம் நாள் முதல் 300.

டாம் நூக்கின் பட்டறையில் தூண்டிலும் வலையும் செய்யக் கற்றுக்கொள்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மரக்குச்சி. பிடித்த மீனையோ பூச்சியையோ அவரிடம் காட்டுங்கள். ஐந்து வகை கொடுத்ததும் அவர் பிளாதர்ஸ் என்ற ஆந்தைக்கு போன் போடுவார். அது மறுநாள்தான் வந்து சேரும். இங்கே ஒரு சின்ன சூட்சுமம். அன்று இரவே விதவிதமாகப் பிடித்து கூடாரத்தைச் சுற்றி வைத்துவிடுங்கள். கூண்டிலும் தொட்டியிலுமாக அப்படியே இருக்கும், ஓடிப்போகாது. மறுநாள் பிளாதர்ஸ் வந்து பதினைந்து கேட்கும்போது தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே வகையை இரண்டு தடவை கொடுத்தால் கணக்கில் சேராது.

மீனும் பூச்சியும் பிடிக்கும் விதம்

தண்ணீரில் நிழல் தெரியும். அதன் தலைக்கு முன்னால் விழும்படி தூண்டிலை வீசுங்கள். மீன் தக்கையைச் சும்மா முட்டிப் பார்க்கும். அதிகபட்சம் நான்கு முறை. ஐந்தாவது நிச்சயம் கடி. நான் கண்ணை நம்புவதில்லை, காதைத்தான் நம்புகிறேன். முட்டும்போது மெல்லிய சத்தம், கடிக்கும்போது 'பொளக்' என்று கனமான சத்தம். அதைக் கேட்டவுடன் ஏ. டிவியில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு மீன் ஓடிவிட்டதே என்று புலம்புபவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

வலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏ-யை அழுத்தியபடியே நகர்ந்தால் பூனை நடை. விட்டால் வீச்சு. மரத்தை உலுக்கும்போது எப்போதும் வலையைக் கையில் வைத்திருங்கள். தினமும் ஐந்து மரங்களில் குளவிக்கூடு இருக்கும். கூடு விழுந்ததும் நம் ஆள் தானாகக் குளவி பக்கம் திரும்புவார், அந்தக் கணமே ஏ-யை அழுத்தினால் குளவி வலைக்குள். 2,500 பெல். தவறினால் ஒரு கண் வீங்கும், மறுபடி கொட்டினால் மயக்கம். அதே போல இரண்டு மரங்களிலிருந்து மேசை நாற்காலி போன்ற சாமான் விழும். மரத்தில் நாற்காலி எப்படிக் காய்த்தது என்று இந்தத் தீவில் யாரும் கேட்பதில்லை.

இரவு ஏழு மணிக்கு மேல், வடக்கு அரைக்கோளத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, தெற்கில் மே முதல் அக்டோபர் வரை டாரன்டுலா சிலந்தி வரும். விலை 8,000 பெல். அது முன்னங்கால்களைத் தூக்கினால் நின்றுவிடுங்கள், இறக்கியதும் ஓர் அடி. அவசரப்பட்டால் கடித்து, வீட்டு வாசலில் கண் விழிப்பீர்கள். மற்ற மாதங்களில் இதே வேலையைத் தேள் பார்க்கும், விலையும் அதேதான்.

முதல் வாரம்: இரும்பு, இரும்பு, இரும்பு

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். கூடாரக் கடனைக் கட்டியதும் டாம் நூக் வீடு கட்டித் தருவதாகச் சொல்வார். 98,000 பெல் கடன். தயங்காமல் சரி என்று சொல்லுங்கள். வட்டி கிடையாது, கெடு கிடையாது, யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். கூடாரத்தில் சாமான் வைக்க அறை இல்லை, வீட்டில் உண்டு. அதற்காகவே உடனே வாங்கலாம். எல்லா நிலைகளையும் கட்டி முடித்தால் மொத்தக் கடன் 56,96,000 பெல் வரும் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இதன்பின் டாம் நூக்கிடம் வேலை பார்க்கும் டிம்மியும் டாமியும் கடை கட்ட உதவி கேட்பார்கள். மூன்று வகை மரக்கட்டையிலும் தலா 30, அதோடு 30 இரும்புக் கட்டி. மரக்கட்டை எளிது. கோடரியால் அடித்தால் ஒரு மரம் ஒரு நாளில் மூன்று கட்டை தரும். ஆரம்பக் கோடரியாலோ கல் கோடரியாலோ அடித்தால் மரம் சாயாது. இரும்பு சேர்த்துச் செய்யும் உறுதியான கோடரி அப்படியல்ல, மூன்றாவது அடியில் மரமே போய்விடும். அதனால் உறுதியான கோடரி இருந்தாலும் மரக்கட்டைக்குப் பழைய கோடரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புதான் தலைவலி. பாறையிலிருந்துதான் வரும். தீவில் ஆறு பாறைகள், ஒவ்வொன்றையும் நாளுக்கு எட்டு முறை வரை அடிக்கலாம். கல், களிமண், இரும்பு கலந்து விழும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் நம் ஆள் பின்னால் தள்ளப்படுவார், திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதற்கு வழி இருக்கிறது. பாறையை ஒட்டி நின்று, உங்களுக்குப் பின்னால் மண்வெட்டியால் இரண்டு குழி தோண்டுங்கள். இப்போது பின்னால் போக இடமில்லை. நிறுத்தாமல் ஏ-யைத் தட்டினால் எட்டும் உங்களுடையது. மண்வெட்டி செய்முறையைப் பிளாதர்ஸ் தரும், ஆற்றைத் தாண்டும் கழிக்கான செய்முறையையும் சேர்த்து. தினமும் ஒரு பாறை பணப் பாறை. எட்டு அடியும் விழுந்தால் 16,100 பெல் கொட்டும்.

பழம் சாப்பிட்டுவிட்டுப் பாறையை அடிக்காதீர்கள். பழம் தின்றால் பலம் வந்து பாறை உடைந்துவிடும். ஒன்றும் குடிமுழுகிவிடாது, நாளுக்கு ஒன்றாகத் திரும்ப முளைக்கும். ஆனால் இரும்பு தேவைப்படும் வாரத்தில் அது பெரிய நஷ்டம்.

இன்னொன்று. இரும்பு கைக்கு வந்ததும் உறுதியான கோடரி, உறுதியான தூண்டில் என்று செய்யத் தோன்றும். கடைக்கு முப்பது கொடுக்கும் வரை அந்த ஆசையைக் கட்டிப்போடுங்கள். பற்றவில்லை என்றால் 2,000 மைலுக்கு ஒரு பயணச் சீட்டு வாங்கி விமான நிலையம் போங்கள். ஆளில்லாத ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே பாறை இருந்தால் அடித்து நொறுக்குங்கள், மரங்களை வெட்டுங்கள், பூக்களைப் பிடுங்கி வாருங்கள். மறுபடி அந்தத் தீவுக்குப் போகப்போவதில்லை. உங்கள் தீவில் இல்லாத பழம் கிடைத்தால் சில பழங்களைக் கண்டிப்பாக எடுத்துவந்து நடுங்கள். உள்ளூர்ப் பழம் 100 பெல், வெளிப் பழம் 500. சுற்றிலும் ஒரு கட்டம் காலியாக விட்டு நட்டால்தான் மரம் வளரும். ஒருமுறை பறித்தால் மூன்று நாளில் மறுபடி காய்க்கும்.

பணம் சேர்க்க

கடை திறந்தபின் காலை எட்டு முதல் இரவு பத்து வரை விற்கலாம். மூடியபின் வெளியே உள்ள பெட்டியில் போட்டால் விலையில் 80 சதவீதம்தான். அந்த அவசரம் தேவையில்லை. கடை வாசலில் அன்று அதிக விலைக்கு எடுக்கும் பொருள் எது என்று சொல்வார்கள், அதைச் செய்து விற்றால் இரட்டிப்பு. சில நாள் ஃபிளிக் என்ற பச்சோந்தியும் சி.ஜே. என்ற பீவரும் வரும். ஃபிளிக் பூச்சிக்கும், சி.ஜே. மீனுக்கும் கடையைவிட ஒன்றரை மடங்கு தருவார்கள். டாரன்டுலாவைச் சேர்த்து வைத்திருந்தால் அன்று அறுவடை.

தரையில் தங்க நிறத்தில் மினுங்கும் இடத்தைத் தினமும் தேடுங்கள். தோண்டினால் 1,000 பெல். அதே குழியில் 10,000 பெல் பையைப் புதைத்தால் சில நாளில் பண மரம், அதில் மூன்று பை, மொத்தம் 30,000. இதில் தோல்வி கிடையாது. 99,000 புதைக்கலாம் என்றும் சொல்வார்கள். சிலசமயம் மூன்று மடங்கு வரும், பலசமயம் 30,000தான் வரும். நான் பத்தாயிரத்தைத் தாண்டுவதில்லை.

அப்புறம் டர்னிப் என்ற கிழங்கு. இது தீவின் பங்குச்சந்தை. ஞாயிறு காலை ஐந்து முதல் நண்பகல் வரை டெய்ஸி மே என்ற பன்றிக்குட்டி தலையில் டர்னிப் கட்டோடு சுற்றும். ஒன்று 90 முதல் 110 பெல், பத்துப் பத்தாகத்தான் வாங்க முடியும். திங்கள் முதல் சனி வரை கடையில் விற்கலாம். விலை ஒரு நாளில் இருமுறை மாறும்: கடை திறக்கும்போதும், நண்பகலிலும். சில வாரம் 600-ஐத் தாண்டும். சில வாரம் திங்கள் முதல் இறங்கிக்கொண்டே போகும், ஏறவே ஏறாது. அடுத்த ஞாயிறு வந்தால் அத்தனையும் அழுகிவிடும்.

என் கணக்கு எளிமையானது. வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கு வந்தால் விற்றுவிடுவேன். வியாழக்கிழமை வரை ஏறவே இல்லை என்றால், வெள்ளி காலை எவ்வளவு வந்தாலும் தள்ளிவிடுவேன். முதல் முறை நான் மூன்று லட்சம் பெல்லுக்கு வாங்கி, சனி இரவு பத்தரைக்கு ஞாபகம் வந்து ஓடினேன். கடை பூட்டியிருந்தது. டர்னிப்பை அந்த வெளிப் பெட்டி வாங்காது, வீட்டுச் சேமிப்பு அறையும் ஏற்காது. தரையில் பரப்பி வைக்க வேண்டியதுதான். மறுநாள் அத்தனையிலும் ஈ. போனில் சனிக்கிழமைக்கு ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது உண்மையான போனில்.

கடிகாரத்தைக் கன்சோல் அமைப்பில் முன்னே பின்னே நகர்த்தி ஏமாற்றலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பின்னோக்கி நகர்த்தினால் டர்னிப் அந்த நொடியே அழுகும். முதல் இரண்டு வாரமாவது அதைச் செய்யாதீர்கள் என்பேன். காத்திருப்பை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் மிஞ்சுவது வெறும் வேலைப் பட்டியல்தான்.

அக்கம்பக்கத்தார்

தீவில் விலங்குகள் அதிகபட்சம் பத்து. தினமும் ஒருமுறை பேசுங்கள், முடிந்தால் ஒரு பரிசு கொடுங்கள். காகிதத்தில் சுற்றிய வெளிப் பழமே போதும், நட்பு நன்றாக வளரும். ஒருவர் தலைக்கு மேல் சிந்தனைக் குமிழி தெரிந்தால் போய்ப் பேசுங்கள். ஊரைவிட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். போ என்றால் போவார், இரு என்றால் இருப்பார். பிடிக்காதவரை வலையால் அடித்து விரட்டலாம் என்பது வெறும் வதந்தி. அடித்தால் நட்புதான் குறையும்.

அருங்காட்சியகம்

பிளாதர்ஸின் அருங்காட்சியகத்தில் மீன் 80, பூச்சி 80, கடல் உயிர் 40, புதைபடிவம் 73, அதோடு கலைப் பொருட்கள். தரையில் நட்சத்திர வெடிப்பு தெரியும் இடங்களைத் தினமும் தோண்டி, பிளாதர்ஸிடம் ஆராயக் கொடுங்கள். புதிதாக எதைப் பிடித்தாலும் முதலாவது அருங்காட்சியகத்துக்கு, இரண்டாவது கடைக்கு. ரெட் என்ற நரி கப்பலில் ஓவியம் விற்க வந்தால் கவனம், பாதிக்கு மேல் போலி வைத்திருக்கும் நாளும் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று நட்சத்திரம்

கடை வந்தபின் டாம் நூக் பாலம் கட்டவும், மூன்று மனைகளுக்கான சாமான்கள் செய்யவும் சொல்வார். இந்தக் கட்டத்தைச் சொன்னபடி செய்தாலே போதும். சேவை மையம் கட்டடமாக மாறி இசபெல் என்ற நாய் வந்து உட்காரும். தீவுக்கு எத்தனை நட்சத்திரம் என்று அதனிடம் கேளுங்கள், எது குறை என்றும் சொல்லும். பெரும்பாலும் பதில் ஒன்றே: வேலி போடுங்கள், பூ நடுங்கள், வெளியே சாமான் வையுங்கள், தரையில் இறைந்து கிடப்பதைப் பொறுக்குங்கள். பயன்படாது என்று மூலையில் போட்ட நாற்காலியை எல்லாம் ஆற்றங்கரையில் வரிசையாக வைத்தே நான் மூன்றாவது நட்சத்திரம் வாங்கினேன். கொஞ்சம் வெட்கம்தான்.

மூன்று நட்சத்திரம் வந்ததும் கே.கே. ஸ்லைடர் என்ற பாடகர் கிட்டாரோடு வந்து கச்சேரி செய்வார். அதன்பின் போனில் தீவை வடிவமைக்கும் வசதி திறக்கும். முதலில் பாதை மட்டும். ஆற்றை வெட்டவும் மலையைச் செதுக்கவும் தலா 6,000 மைல் கட்டி அனுமதி வாங்க வேண்டும். கட்டடங்களை நாளுக்கு ஒன்றுதான் நகர்த்த முடியும், ஒவ்வொன்றுக்கும் 50,000 பெல் (உங்கள் வீட்டுக்கு மட்டும் முன்பு சொன்ன 30,000). அதனால் முதலில் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். கடை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வெட்டிவிட்டு அதைத் தூர்ப்பது சலிப்பான வேலை. மைல் மீதமிருந்தால், கருவிகளைச் சட்டென எடுக்க உதவும் கருவி வளையத்துக்கு 800, பையைப் பெரிதாக்க 5,000, இந்த இரண்டையும் எப்போதோ வாங்கியிருக்க வேண்டும்.

சேவ் கோப்பும் நீண்ட விடுமுறையும்

மற்ற விளையாட்டுகளைப்போல இதன் சேவ் கோப்பு வழக்கமான முறையில் இணையத்தில் ஏறாது. தலைப்புத் திரையில் மைனஸ் பட்டனை அழுத்தி டாம் நூக்கிடம் பேசி, தீவின் காப்புநகலை நீங்களே இயக்க வேண்டும். அதற்கு நிண்டெண்டோவின் ஆன்லைன் சந்தா தேவை. நண்பர் தீவுக்கு இணையம் வழியே போய்வரவும் அதே சந்தாதான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிவியில் நான்கு பேர் ஆட எதுவும் கட்ட வேண்டாம். ஒருவர் தலைவராக முன்னே போக, மற்றவர்கள் பின்தொடர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பினால் பயப்பட வேண்டாம், உங்களைக் கேட்காமல் யாரும் ஊரைக் காலி செய்திருக்க மாட்டார்கள். தலைமுடி கலைந்திருக்கும். வீட்டுக்குள் கரப்பான்கள் ஓடும், மிதித்தால் போய்விடும். தீவெங்கும் களை முளைத்திருக்கும். அதைப் பிடுங்கிக் கடையில் கொடுத்தால் கட்டுக்கு 10 பெல். லீஃப் என்ற ஸ்லாத் (மெதுவாக நகரும் மரவாழ் விலங்கு) வரும் நாள்வரை பொறுத்தால் 20.